கமலா தள்ளிவிட்ட மூட்டை

லாலாகுடா ரயில்வே குவார்ட்டர்ஸில் கமலாவுக்கு வயிறு எரியக் காரணமே வேண்டாம். பக்கத்து வீட்டு எலிசபெத் இருந்தாலே போதும். இருவருக்கும் சொந்த ஊர் அரக்கோணத்துப் பக்கம்; இருவர் புருஷன்மாரும் ஒரே ஒர்க்‌ஷாப்பில் ஃபிட்டர்கள். ஆனால் பாருங்கள், தெருவுக்குக் குழாய் போட்டபோது அது எலிசபெத் வாசலில்தான் வந்து நின்றது. தோட்டம் போட இடமுள்ள வீடும் அவளுக்கே விழுந்தது. கேட்டால், "ஆண்டவர் வழி தொறந்தாரு, அக்கா" என்று ஒரு சிரிப்பு. அந்தச் சிரிப்பைக் கண்டாலே கமலாவுக்குப் பற்றிக்கொண்டு வரும். அவளுக்குத் தொறக்கிற சாமி எனக்கு மட்டும் தூங்குதா என்று முருகன் படத்தோடு சண்டைகூடப் போட்டிருக்கிறாள்.

அறுபத்தெட்டாம் வருஷம் ரயில்வே மாதர் சங்கத்துக்குத் தையல் டீச்சர் ஒருத்தி வேண்டும் என்று சேதி வந்தது. கமலாவுக்கு உயிரே அதில் போய் ஒட்டிக்கொண்டது. கல்யாணத்துக்கு முன்பே தையல் பரீட்சை பாஸ் பண்ணியவள். அந்தச் சர்ட்டிபிகேட் பதினைந்து வருஷமாக டிரங்குப் பெட்டியில் கிடக்கிறது. நாலு பேர் தன்னை 'டீச்சர்' என்று கூப்பிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. முறையாக மனு எழுதிக் கொடுத்தாள். ஆறு வெள்ளிக்கிழமை விரதம் இருந்தாள். எலிசபெத் மனுவே போடவில்லை. சர்ட்டிபிகேட் இருந்தால்தானே போடுவதற்கு! அந்த மட்டில் கமலாவுக்குப் பரம திருப்தி.

ஏழாவது வாரம், திங்கட்கிழமை காலை. பெரிய அதிகாரியின் பங்களா பியூன், கமலாபாயி வீடு எது என்று விசாரித்துக்கொண்டே வந்து சைக்கிளை நிறுத்தினான். கையில் ஒரு துணி மூட்டை. உள்ளே முழங்கை கிழிந்த காக்கிச் சட்டை, ஒரு பழைய திரைச்சீலை.

"மேம்சாப் பேஜே. கல் தக் சீனா" என்றான் அந்த ஊர் இந்தியில். அம்மா அனுப்பினார்களாம், சட்டைக்கு ஒட்டுப் போட்டு, திரைச்சீலையில் குழந்தைக்கு ஒரு கவுன், நாளைக்குள் தைத்துத் தர வேண்டுமாம்.

பங்களாக்காரர்களின் சங்கதி கமலாவுக்குத் தெரியாதா? ஒர்க்‌ஷாப் குடும்பம் என்றாலே இளக்காரம். ஒருத்தியிடம் அப்பளம், இன்னொருத்தியிடம் தலையணை உறை, எல்லாம் ஓசி வேலை. டீச்சராகப் போகிறவள் கந்தலுக்கு ஒட்டுப் போடுவதா?

"நக்கோ பாய், டைம் நை. பாஜுவாலே கோ தேவ்" என்றாள். நேரமில்லை, அங்கே கொடு என்று பக்கத்து வீட்டுக்குக் கையைக் காட்டிவிட்டாள். மகராசி ஜெபம் பண்ணிக்கொண்டே ஓசியில் தைக்கட்டும்! அன்று பகல் முழுக்கச் சுவருக்கு அந்தப் பக்கம் எலிசபெத்தின் ஓட்டை மிஷின் கடகடத்தது. கமலாவுக்கு அது கச்சேரி கேட்கிற மாதிரி இருந்தது.

வியாழக்கிழமை எலிசபெத் மூச்சிரைக்க ஓடி வந்தாள்.

"அக்கா, என்னை டீச்சர் வேலைக்கு எடுத்துட்டாங்கக்கா! தைச்சத நானே பங்களாவுல கொண்டுபோய்க் குடுத்தேன். அந்தம்மாதான் சங்கத் தலைவியாம். சட்டையத் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு, டீச்சரா வர்றியான்னாங்க. படிப்பு இல்லீங்களேன்னேன். கிழிஞ்ச எடமே தெரியலியே, இது போதும்னுட்டாங்க. நீங்க மட்டும் அந்தாள அனுப்பலன்னா… ஆண்டவர் உங்க கையால தொறந்தாரு, அக்கா!"

சொல்லிக்கொண்டே கமலாவின் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். கமலாவுக்குத் தன் கைகளையே வெட்டிப் போடலாம் போலிருந்தது.

சாயங்காலம் புருஷன் குணசேகரன் செருப்பைக் கழற்றுவதற்குள் அழுகையும் ஆத்திரமுமாகப் பிடித்துக்கொண்டாள். "இன்னா அநியாயம் பாருங்க! மனு போட்டவ நானு, வேல அவளுக்கா? கந்தல் மூட்டையத் தைச்சுக் குடுத்தவ டீச்சராம்! அவ சாமிக்குத்தான் கண்ணு இருக்குது, நம்ப சாமிக்கு இல்ல."

நடந்ததையெல்லாம் குணசேகரன் பொறுமையாகக் கேட்டான். டிபன் கேரியரை மெல்லக் கீழே வைத்தான்.

"ஏம்மே, எங்களுக்கு கிரேடு ஏத்தறதுக்கு முன்னால ஒரு துண்டு இரும்பக் குடுத்து அரத்தால ராவிக் காட்டச் சொல்லுவாங்களே, டிரேடு டெஸ்ட்டு? இதுவும் அந்த மாதிரிதான் இருக்குது. மனு போட்டவங்களுக்குத்தான் அந்தம்மா அனுப்பி இருப்பாங்க. பியூன் மொதல்ல யார் வூட்டுக்கு வந்தான்?"

கமலாவுக்கு அழுகை நின்றுவிட்டது.

"நம்ம வூட்டுக்குத்தான்" என்றாள். "எம் பேரக் கேட்டுக்கினேதான் வந்தான்."