மேல் வீட்டு வெள்ளிக்கிழமை

மண்ணரையில் கரண்ட் போனால்தான் அங்கே காக்காய்கள் இருப்பதே தெரியும். மற்ற நேரமெல்லாம் பனியன் துணி பின்னும் நிட்டிங் மெஷின் சத்தம்தான். அது சட்டென்று நின்றதும் ஊரே மூச்சைப் பிடித்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். பிறகு ஒவ்வொன்றாகக் காதில் விழும். எதிர் வீட்டுக் குக்கர் விசில், யாரோ குழந்தையை அதட்டுவது, அப்புறம் காக்காய். கல்யாணமாகிப் பொங்கலூரிலிருந்து வந்த புதிதில் எனக்குப் பிடித்த நேரம் அது ஒன்றுதான். சமையலறை ஜன்னலோரம் நின்று கண்ணை மூடிக்கொள்வேன். பஞ்சுத் தூசி மெதுவாக இறங்கி வந்து கையில் உட்காரும். இப்போது நினைத்தால், அந்த வருஷம் பூராவும் வெள்ளைத் தூசி பறந்துகொண்டே இருந்ததாகத்தான் ஞாபகம். நடந்ததெல்லாம் அதற்குள்தான் நடந்தது.

தொண்ணூறுகளின் நடுவில் என்று வைத்துக்கொள்ளுங்கள். எனக்குப் பத்தொன்பது வயது. வீட்டில் மாமனார், அத்தை, என் வீட்டுக்காரர், நான். ஆண்கள் இரண்டு பேரும் விடிந்தால் பனியன் கம்பெனிக்குப் போய்விடுவார்கள். அதன் பிறகு வீடு அத்தையின் ராஜ்ஜியம். அரிசி களைவதிலிருந்து வாசல் தெளிப்பது வரை எல்லாவற்றையும் என் தலையில் கட்டியவர், ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. சாயங்காலம் விளக்கு ஏற்றுவது அவர்தான். கல்யாணத்தன்று என்னை ஏற்றச் சொன்னார்கள், அதுவும் போட்டோவுக்காக. பிறகு ஒரு நாள் நான் தீப்பெட்டியைக் கையில் எடுத்தபோது, "இருக்கட்டும் அம்மிணி, உனக்கும் ஒரு காலம் வரும்" என்று வாங்கி வைத்துக்கொண்டார். எனக்குக் கோபம் எப்போதும் மூக்கு நுனியில் நிற்கும். வேலைக்கு நான், விளக்குக்கு அவரா என்று அன்றைக்குப் பாத்திரங்களை டமடமவென்று கழுவினேன். பாத்திரம் என்ன செய்யும், பாவம். அப்போதெல்லாம் 'எங்க ஊடு' என்று என் வாயில் வந்தால் அது பொங்கலூர்தான். இதை 'அத்தை ஊடு' என்பேன்.

அந்த அத்தை ஊட்டின் மாடிக்குத்தான் அவர்கள் குடி வந்தார்கள். புருஷன், பெண்டாட்டி, இரண்டு பேருமே சின்ன வயசு. இஸ்ரேலிலிருந்து வந்தவர்கள். வெளிநாட்டு நிட்டிங் மெஷின்களைப் பொருத்தி, இங்கே உள்ளவர்களுக்கு ஓட்டப் பழக்குவது அவனுக்கு வேலை. மூன்று வருஷம் இருக்க வேண்டும் என்று பேச்சு. வீடு பார்த்துத் தந்த புரோக்கரை அத்தை வாசலிலேயே நிறுத்தி விசாரித்தார்.

"என்ன ஆளுங்க?"

"யூதருங்க."

"அப்படின்னா வேதக்காரங்களா?"

"இல்லீங்க."

"பாய்மாருங்களா?"

"அதும் இல்லீங்க. அவிய தனிங்க."

"என்ன தனியோ போங்க. கவுச்சி திம்பாங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"அவிய மொறைப்படி அறுத்தாத்தான் திம்பாங்களாமுங்க. இங்க அப்படி அறுக்க ஆளில்லீங்க. அதனால திங்க மாட்டாங்க."

"அப்பச் சரி, வரச் சொல்லுங்க" என்றார் அத்தை. யூதர் விவகாரம் அத்துடன் முடிந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கினார்கள். அவர்களுடைய பெட்டிகளில் பாதி எங்கேயோ மாட்டிக்கொண்டு வந்து சேரவே இல்லை. வந்த அன்றே கரண்ட் போனது. "மெழுகுவத்தி இல்லாம இந்த ஊர்ல குடித்தனம் பண்ண முடியாதுங்க கண்ணு" என்று அத்தை ஒரு பாக்கெட் மெழுகுவத்தியைத் தாமே கொண்டுபோய்க் கொடுத்தார். மறுநாள் இட்லி கொடுத்து அனுப்பினார். அது தொடாமல் திரும்பி வந்தது. எங்கள் பாத்திரத்தில் சமைத்ததை அவர்கள் சாப்பிடக் கூடாதாம், மன்னிக்கணுமாம். அத்தைக்கு முகம் சுண்டிப்போயிற்று. "என்ற இட்லிக்கு என்ன கேடு!" என்று பொழுதெல்லாம் முணுமுணுத்தார். சாயங்காலம் என்ன நினைத்தாரோ, "நம்மளை விட ஆச்சாரம் பாக்கறவளா இருக்கறாளே" என்று தாடையில் கைவைத்துக்கொண்டார். அதற்கப்புறம் வாழைப்பழமும் இளநீரும் மட்டும் மாடியேறின. அதில் தீட்டு எதுவும் கிடையாது என்று இரண்டு தரப்பும் ஒத்துக்கொண்டது.

அந்தப் பெண்ணை நான் பார்த்தபோதெல்லாம் மாடிப்படியில்தான் உட்கார்ந்திருந்தாள். தலையில் ஒரு துணி கட்டியிருப்பாள். மெஷின் சத்தத்துக்குக் காதைப் பொத்திக்கொண்டிருப்பாள், இல்லாவிட்டால் பாவாடையில் ஒட்டிய பஞ்சை ஒவ்வொன்றாக எடுத்துக்கொண்டிருப்பாள். தெருப் பெண்கள் நின்று நின்று பார்த்துவிட்டுப் போவார்கள். ஒருநாள் கரண்ட் போன நேரத்தில் நானும் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். எனக்குப் பிளஸ் டூ வரை படித்த இங்கிலீஷ். அவளுக்கும் அது படித்து வந்த மொழி, தாய்மொழி இல்லை. இரண்டு பேரும் தட்டுத் தடுமாறித்தான் பேசினோம்.

"நீயும் இந்த வீட்டுக்குப் புதுசா?" என்று கேட்டாள்.

"புதுசுதான்" என்றேன்.

அவளுடைய ஊர் கடல் பக்கமாம். இங்கே படுத்தால் கடல் சத்தம் இல்லாமல் தூக்கம் வரவில்லை என்றாள். பிறகு தன் விஷயத்தைச் சொன்னாள். வெள்ளிக்கிழமை பொழுது சாயும்முன் அவர்கள் வீட்டில் பெண்தான் விளக்கு வைப்பாளாம். அவளுடைய அம்மா வழியனுப்பும்போது, நீ எங்கே விளக்கு வைக்கிறாயோ அதுதான் உன் வீடு என்றாளாம். "இங்கே எனக்கு முதல் வெள்ளிக்கிழமை இது, வைத்துப் பார்ப்பேன். வீடு என்று தோன்றினால் இருப்பேன். இல்லையென்றால் அம்மாவிடமே போய்விடுவேன். அவரிடம் சொல்லிவிட்டேன்" என்றாள்.

புருஷனிடம் இப்படியெல்லாம் சொல்லலாமா? இவள் கடல் தாண்டிப் போவேன் என்கிறாள். எனக்குப் பொங்கலூர் கூப்பிடு தூரம். ஒரு நாளாவது 'போறேன்' என்று சொல்ல எனக்கு வாய் இருந்ததா? அவள் மேல் பொறாமையாக இருந்தது, உள்ளதைச் சொல்கிறேன். ஆனால் அவள் போய்விடக் கூடாது என்றும் இருந்தது. அந்தத் தெருவில் என்னைப் போல முழித்துக்கொண்டிருந்தது அவள் ஒருத்திதான்.

அந்த வெள்ளிக்கிழமையும் வந்தது. சாயங்காலம் கரண்ட் போய்விட்டது. அத்தை கீழே விளக்கேற்றி முடித்துவிட்டு, "வெள்ளிக்கெழமையாப் போச்சு, மேல அந்தப் புள்ளைக்குப் பழம் குடுத்துட்டு வரலாம் வா" என்று முன்னால் ஏறினார். நான் பழச்சீப்பை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன். நான் பாதிப் படி ஏறியிருப்பேன், கரண்ட் வந்தது. தெரு முழுக்க மெஷின்கள் உறுமத் தொடங்கின.

நான் கதவருகே போனபோது மேஜைமேல் இரண்டு எவர்சில்வர் டம்ளர்கள் கவிழ்த்து வைக்கப்பட்டிருந்தன. அவற்றின் மேல் அத்தை கொடுத்த அதே மெழுகுவத்திகள். ஒன்றிலிருந்து புகை வந்துகொண்டிருந்தது. மற்றதன் திரியை அத்தையின் விரல்கள் பிடித்துக்கொண்டிருந்தன. வாயால் ஊதினால் ஆகாது என்று அத்தை எப்போதும் விரலை நனைத்துத்தான் அணைப்பார். நான் வாயைத் திறப்பதற்குள் அதுவும் அணைந்தது. உள்ளிருந்து வந்த அந்தப் பெண்ணைப் பார்த்து அத்தை முகமெல்லாம் சிரிப்பாகச் சொன்னார்: "கரண்டு வந்துருச்சுங்க கண்ணு. எதுக்கு வீணா எரியோணும்?"

அவள் புகையையே பார்த்தாள். பிறகு அப்படியே தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவள் புருஷன் ஓடி வந்தான். அத்தை பதறிப்போய்த் தீப்பெட்டியைத் தேட, "வேண்டாம், வேண்டாம்" என்று தடுத்தான். பொழுது சாய்ந்தால் மறுநாள் பொழுது சாயும்வரை அவர்கள் நெருப்பைத் தொடக் கூடாதாம். வேறொருவர் கொளுத்தினால் அது அவளுடைய விளக்கு ஆகாதாம். வைத்த விளக்கைத் தானாக எரிந்து அணைய விடவேண்டுமாம். அவன் சொல்லச் சொல்ல நான் தமிழில் சொன்னேன்.

"விளக்கா?" என்றார் அத்தை. "அட கெரகமே! அது விளக்கா? வாழ வந்த புள்ள வெச்ச விளக்கையா நான் அணைச்சுப்போட்டேன்?"

அவருக்கு யூதரைப் பற்றி ஒன்றும் தெரியாது. ஆனால் வெள்ளிக்கிழமை ஏற்றிய விளக்கை அணைத்தால் என்ன என்று அவருக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்து இறங்கினார். மேலே ட்யூப்லைட் எரிந்துகொண்டே இருந்தது. சுவிட்சும் அவர்கள் தொடக் கூடாதாம். அணையக் கூடாதது அணைந்தது, அணைக்க வேண்டியது மறுநாள் வரை எரிந்தது. "நீயாச்சும் போயி அணையேன்" என்று மாமனார் சொன்னதற்கு, "இனி அந்த ஊட்டுல நான் ஒண்ணையும் தொட மாட்டேன்" என்று அத்தை முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

அதற்கடுத்த வாரத்தை எப்படிச் சொல்வது? மாடியில் அவள் பெட்டி கட்டினாள். ஞாயிற்றுக்கிழமை காலையில் கோயமுத்தூருக்குக் கார் சொல்லியாகிவிட்டது. கீழே அத்தை விளக்கேற்றுவதை நிறுத்திவிட்டார். தினமும் பொழுது சாயும், விளக்கு கருத்துக் கிடக்கும். எனக்கு மனசு கேட்கவில்லை. "நான் வெக்கறனுங்க அத்தை" என்றேன்.

"வேண்டாம் அம்மிணி. மேல அவ விளக்கு எரியட்டும். அப்புறம் பாக்கலாம்."

"அவ ஊருக்குப் போறாளாமுங்க."

"அப்ப எரியாது போ" என்றார். வீட்டுக்காரர் சலித்துக்கொண்டார், மாமனார் திட்டினார். அத்தை அசையவில்லை. நான் ஜன்னலோரம் நின்று பஞ்சு பறப்பதைப் பார்த்துக்கொண்டிருப்பேன். எல்லாம் எங்கேயோ தண்ணீருக்கடியில் நடப்பது போல மந்தமாக இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை சாயங்காலமும் கரண்ட் போனது. மாடியில் அவன் டம்ளர்களைக் கவிழ்த்து மெழுகுவத்தியை நிறுத்திக்கொண்டிருந்தான். அவள் படியில் உட்கார்ந்திருந்தாள். நீ விளக்கு வைக்கவில்லையா என்று கேட்டேன். "வீட்டுக்காரிதான் வைக்க வேண்டும். நான் இந்த வீட்டுக்காரி இல்லை. இங்கே இருக்கப்போவது அவர்தான், அவரே வைக்கட்டும்" என்றாள். பிறகு எட்டிக் கீழே பார்த்தாள். "உங்கள் விளக்கு எங்கே? இன்றைக்கும் வெள்ளிக்கிழமைதானே?"

நான் சொன்னேன். அன்றிலிருந்து அத்தை ஏற்றவில்லை, உன் விளக்கு எரிந்தால்தான் ஏற்றுவார் என்று எனக்கு வந்த இங்கிலீஷில் சொன்னேன். அவள் நம்பவில்லை. எழுந்து கீழே இறங்கினாள்.

அத்தை எண்ணெய் ஊற்றித் திரியிட்ட விளக்கின் முன்னால் சும்மா உட்கார்ந்திருந்தார். இவளைப் பார்த்ததும் இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். "அணைச்ச கை கண்ணு இது. இந்தக் கையில எப்படி நான் வெக்கட்டும்?"

அதை நான் சொல்லி அவளுக்குப் புரியவேண்டியிருக்கவில்லை. ஜன்னல் வழியாக வானத்தைப் பார்த்தாள். வெளிச்சம் இன்னும் கொஞ்சம்தான் பாக்கி. அத்தையின் கையை எட்டிப் பிடித்தாள், இழுத்துக்கொண்டே மாடியேறினாள். "அய்யோ, நான் வல்லீங்க கண்ணு, நான் எதுக்கு" என்று அத்தை தடுமாறிக்கொண்டே போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். மேலே போனதும் அவள் புருஷன் கையிலிருந்த தீப்பெட்டியைப் பிடுங்கினாள். இரண்டையும் கொளுத்தினாள். சுடரின் மேல் கைகளைச் சுற்றித் தன் பக்கம் அள்ளி, கண்களைப் பொத்திக்கொண்டு ஏதோ சொன்னாள். நாங்கள் தீபாராதனை தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வோமே, கிட்டத்தட்ட அதே மாதிரி. அத்தையின் கைகள் தாமாகக் குவிந்தன.

அந்த நேரம் பார்த்துத்தானா கரண்ட் வரவேண்டும்! ட்யூப்லைட் கண் சிமிட்டிக்கொண்டு எரிந்தது. தெருவில் மெஷின்கள் உறுமின. நாங்கள் மூன்று பேரும் ஒரே நேரத்தில் அத்தையைப் பார்த்தோம்.

அத்தை சடாரென்று இரண்டு கையையும் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார். "நான் தொடலீங்க சாமீ!"

அவள் சிரித்துவிட்டாள். அந்த வீட்டில் அவள் சிரித்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. சிரித்துச் சிரித்துக் கண்ணில் தண்ணீர் வந்து, அத்தையின் தோளிலேயே சாய்ந்துகொண்டாள். அத்தை முந்தானைக்குள்ளிருந்து கையை எடுக்கவே இல்லை. அப்படியே நின்றுகொண்டு என்னைத்தான் அதட்டினார்.

"நீ என்ன அம்மிணி வேடிக்கை பாத்துட்டு நிக்கறே? கீழ போயி விளக்கைப் பத்த வெய்யி."

"நானுங்களா?"

"பின்ன? அவ ஊட்டுக்கு அவ வெச்சா. உன்ற ஊட்டுக்கு நீதான் வெக்கோணும்."

இரண்டு இரண்டு படியாகத் தாவி இறங்கினேன். அவசரத்தில் ஒரு குச்சி வீணாயிற்று. திரி பற்றியதும் நானும் என்னை அறியாமல் கண்ணைப் பொத்திக்கொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் கார் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. மாடியில் அவள் ஈரத் துணியைக் கொடியில் உலர்த்திக்கொண்டிருந்தாள், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான்தான் வெளியே போனேன்.

"பெட்டியெல்லாம் ரெடிங்களா?" என்று டிரைவர் கேட்டார்.

"இல்லீங்க" என்றேன். "எங்க ஊட்டுலருந்து யாரும் போகலீங்க."