முட்டி கழுவிய கதை

மன்னாரில் குளிரா என்று சிரிப்பவர்கள், தை மாதத்து விடியற்காலையில் எங்கள் கிணற்றுத் தண்ணீரில் கை வைத்துப் பார்த்ததில்லை. நான் வைத்திருக்கிறேன். அதனால் எனக்குக் கிடைத்த பட்டப்பெயரையும், கிடைக்க வேண்டியிருந்தும் கிடைக்காமல் போன அடியையும் பற்றித்தான் இங்கே சொல்ல வேண்டும்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. தமிழ்நாட்டு அகதி முகாமில் பிறந்து வளர்ந்தவள். சண்டை ஓய்ந்தபின் ஊருக்கு வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. ஊர் ஊர் என்று எல்லோரும் உருகிப் பேசிய இடத்தில் ஓர் அரைகுறை வீடும், உவர்க் கிணறும், பின்வளவில் பதினைந்து பனைகளும் இருந்தன. வீட்டுக்குக் கூரை போட்டாயிற்று, சுவர் பூசவில்லை. வாடைக்காற்று கல் இடுக்குகளால் நுழைந்து எங்களோடு பாயில் படுத்துக்கொள்ளும்.

எங்களையெல்லாம் கிளப்பிக்கொண்டு வந்தவர் பெரியம்மா, அம்மாவின் அக்கா. அவர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டால் மற்றவர்களுக்கு மூட்டை கட்டுவதைத் தவிர வேறு வேலை இருக்காது. அவர்களின் தம்பியான மாமா மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு வந்தார். அங்கே அவருக்குப் பெயின்ட் அடிக்கும் வேலை இருந்தது, சேர்ந்து படம் பார்க்கச் சிநேகிதர்கள் இருந்தார்கள். இங்கே பனைதான் இருந்தது. இளவயதில் ஏறிப் பழகியவர் என்பதால், இந்தப் பருவத்துக்கு ஏறச் சொன்னார் பெரியம்மா. மாமா ஒரு நிபந்தனை போட்டார்.

"முதல் காய்ச்சில பனங்கட்டி இறுகட்டும், நான் இருக்கிறன். இறுகாட்டி என்னை மறிக்கப்படாது. திரும்பி இந்தியாவுக்கே போறன்."

"இறுகும். முட்டிக்குச் சுண்ணாம்பு பூசுறது நான்," என்றார் பெரியம்மா.

பாளையைச் சீவி, முட்டி என்கிற சின்ன மண்பானையைக் கட்டினால் சொட்டுச் சொட்டாகச் சாறு வடியும். முட்டிக்குள் சுண்ணாம்பு பூசியிருந்தால் அது தித்திக்கும் கருப்பணி, காய்ச்சினால் பனங்கட்டி. பூசாவிட்டால் புளித்துக் கள்ளாகிவிடும். அதை எவ்வளவு காய்ச்சினாலும் இறுகாது. ஊரில் தவழ்கிற பிள்ளைக்கும் இது தெரியும். முகாமில் வளர்ந்த எனக்குத் தெரியாது.

ஆயத்தங்கள் தொடங்கின. மாமா தினமும் பனியோடு பனியாக ஏறி, பாளைகளைத் தட்டிப் பதப்படுத்திவிட்டு, பல் கிடுகிடுக்க இறங்குவார். அம்மா பனங்கட்டி வார்க்க ஓலையில் சின்னச் சின்னக் குட்டான்கள் பின்னிக் குவித்தார். பெரியம்மா கடற்கரையில் சிப்பி பொறுக்கி வந்து சுட்டு, ஒரு பெரிய சட்டியில் போட்டுத் தண்ணீர் தெளித்தார். சிப்பி சீறிக்கொண்டு கொதித்தது. நெருப்பே இல்லாமல் தண்ணீர் கொதிப்பதை அன்றுதான் பார்த்தேன். அந்தச் சட்டியைச் சுற்றி நாங்கள் எல்லோரும் குளிர் காய்ந்தோம். வீட்டுச் சுவருக்கு வெள்ளையடிக்கப் போகிறார்கள் என்று நானாகவே முடிவு கட்டிக்கொண்டேன்.

நானாட்டான் பக்கத்திலிருந்து இருபது புது முட்டிகள் வந்து இறங்கின. அன்று பகல் பெரியம்மா அடுப்படியில் நின்றபடி என்னிடம் சொன்னார்:

"பிள்ளை, முட்டியெல்லாம் வடிவாக் கழுவிப்போட்டு வா."

முகாமில் முட்டி என்றால் முழங்கால். நான் கிணற்றடிக்குப் போய், நடுங்க நடுங்க, சவர்க்காரம் போட்டு, இரண்டு முழங்கால்களையும் தேய்த்துக் கழுவிவிட்டு வந்து, பாவாடையைத் தூக்கிக் காட்டினேன். வீடு ஒரு நிமிடம் ஒன்றும் விளங்காமல் நின்றது. பிறகு மாமா சிரித்த சிரிப்பு றோட்டு வரை கேட்டது. ஊருக்கு வந்ததிலிருந்து அவர் சிரித்ததே அன்றுதான் என்று அம்மா சந்தோஷப்பட்டார். எனக்கு அதில் என்ன சந்தோஷம்? மாலைக்குள் அயலில் உள்ளவர்கள் எல்லாம் என்னை 'முட்டிக்காரி' என்று கூப்பிடத் தொடங்கிவிட்டார்கள். முட்டிகளை அம்மாவே கழுவி, வெயிலில் காயவைத்தார்.

இந்த மானக்கேட்டைத் துடைக்காமல் விடுவதில்லை என்று நினைத்துக்கொண்டே தூங்கிப்போனேன். விடியமுன் எழுந்து பார்த்தால், பெரியம்மாவும் அம்மாவும் முதற்பூசைக்குக் கோயிலுக்குப் போயிருந்தார்கள். முட்டிகள் வரிசையாக இருந்தன. உள்ளே எல்லாம் ஒரே வெள்ளை. எங்கள் கிணற்றுத் தண்ணீர் பட்டுக் காய்ந்த பாத்திரத்தில் உவர் வெள்ளையாகப் படியும். அதைத் தேய்ப்பது வீட்டில் என் வேலை. அம்மா கழுவிய லட்சணம் இவ்வளவுதானா என்று எனக்கு ஒரே பெருமை.

தும்பும் மணலும் போட்டு இருபதையும் தேய்த்தேன். கை விறைத்தது. விரல் நுனிகள் எரிந்தன. குளிரும் எரிக்கும் போல என்று நினைத்துக்கொண்டேன். கழுவியதை ஒவ்வொன்றாகக் கவிழ்த்து வைத்துவிட்டுப் போய்ப் போர்வைக்குள் புகுந்தேன். சற்று நேரத்தில் மாமா எழுந்து, முட்டிகளைத் தூக்கிக்கொண்டு பனையடிக்குப் போனார். அக்கா பூசிய முட்டிக்குள் எட்டிப் பார்க்கும் வழக்கம் அவருக்கு இல்லை.

அடுத்த நாள் காலையில் முட்டிகள் இறங்கின. நுரைத்து நுரைத்து வழிந்தன. மாமா ஒரு மிடறு குடித்தார். முட்டியைக் கீழே வைத்தார்.

"கள்ளு."

பெரியம்மா ஒரு முட்டியைச் சரித்துவிட்டு, உள்ளே விரலை விட்டு வழித்துப் பார்த்தார். இன்னொன்றைப் பார்த்தார். பிறகு எங்கள் எல்லோரையும் பார்த்தார். நான் கையைப் பாவாடைக்குள் ஒளித்துக்கொண்டேன். அந்த நேரத்தில்தான் சட்டியில் சீறிய சிப்பியும், முட்டிக்குள் இருந்த வெள்ளையும் ஒன்று என்று எனக்கு விளங்கியது.

"இருபது வருசம் அக்கா," என்றார் மாமா. சத்தம் போடவில்லை. "உங்கட கைக்கு மறந்துபோச்சு. ஊர் ஊர் எண்டு எல்லாரையும் இழுத்துக்கொண்டு வந்தனீங்கள்."

பெரியம்மாவை அப்படி யாரும் கேட்டு நான் பார்த்ததில்லை. அவர் முகம் ஒரு கணம் சிவந்தது. பிறகு தலையை ஆட்டினார்.

"ஓம். நான்தான் பிழை விட்டிட்டன். சுண்ணாம்பு போதாமப் போச்சு. நாளைக்கு ஒருக்கா ஏறு. அதுவும் சரிவராட்டி நானே உன்ர பெட்டியை அடுக்கித் தாறன்."

கள்ளு வீணாகவில்லை, அயல் ஆண்கள் எல்லோரும் அன்று எங்கள் வீட்டில் வெகு அன்பாக நடந்துகொண்டார்கள். பெரியம்மாவுக்குக் கைப்பழக்கம் விட்டுப்போனதைப் பற்றி, அவர் காது கேட்கவே, இரக்கத்தோடு பேசினார்கள். அவர் வாயே திறக்காமல் குந்தியிருந்து முட்டிகளுக்குச் சுண்ணாம்பு பூசினார்.

பூசி முடித்தபின் என்னை அருகில் கூப்பிட்டார். தேங்காய் எண்ணெய்யை உள்ளங்கையில் ஊற்றி, தோல் உரிந்திருந்த என் விரல் நுனிகள் ஒவ்வொன்றிலும் மெதுவாகத் தடவினார்.

"பனிக்கு வெடிச்சுப் போச்சு பிள்ளை. நாளைக்கு விடிய எழும்பாதை, நல்லாப் படு."

நான் ஓம் என்று தலையாட்டினேன். தப்பித்தோம் என்று நெஞ்சு குளிர்ந்தது. இவ்வளவு கெட்டிக்காரப் பெரியம்மாவையே ஏமாற்றிவிட்டேனே என்று கொஞ்சம் கர்வமும் வந்தது. மறுநாள் விடிய மாமா ஏறி முட்டி கட்டினார். அதற்கடுத்த நாள் இறங்கியது கருப்பணி. காய்ச்சிக் குட்டான்களில் வார்த்தது கல்லாக இறுகியது. மாமா ஒரு துண்டைக் கடித்து, வெகுநேரம் வாயில் வைத்திருந்தார். இன்றும் அந்தப் பதினைந்து பனைகளிலும் ஏறுவது அவர்தான். சுண்ணாம்பு பூசுவதும் அதே பெரியம்மாதான்.

சென்ற வருடம் என் வீட்டு மதிலுக்கு நானே வெள்ளையடித்தேன். இரவு விரல்கள் எரிந்தன. விளக்கடியில் விரித்துப் பார்த்தேன். பனி வெடிப்பது புறங்கையில், உதட்டில், குதிகாலில். விரல் நுனியை மட்டும் தேடித் தின்பது சுண்ணாம்பு. அது எனக்கு அன்று தெரியாது. இளவயதிலிருந்தே சுண்ணாம்பில் கை வைத்த பெரியம்மாவுக்கு அன்றே தெரியும்.