செத்துப்போன அண்ணனுக்கு அமாவாசைச் சோறு

வாடிப்பட்டிப் பக்கம் எங்கள் ஊர்க் கண்மாய்க்கரையில் அண்ணனின் செருப்பும், மடித்து வைத்த சட்டையும், அதன்மேல் செல்போனும் இருந்தன. மாமன் மகளை அவனுக்குப் பேசி முடித்து, பத்திரிகை அடிக்கக் கொடுத்திருந்த நேரம். ஐப்பசித் தண்ணீர் கரைமுட்டக் கிடந்தது. மூன்று நாள் தேடியும் உடல் கிடைக்காமல், பதினாறாம் நாள் காரியத்தை முடித்தோம். ஒருநாளும் துணி மடித்தறியாதவன் அண்ணன். அது அன்று எனக்கு உறைக்கவில்லை.

இருந்தவரை ஊர்சுற்றி என்று பெயர் வாங்கியவன், செத்ததும் தங்கமாகிவிட்டான். தல்லாகுளத்தில் ஆபீஸ் வேலை பார்த்து, விடியற்காலையில் வயலுக்குத் தண்ணீரும் பாய்ச்சி, அவனுக்குப் பேசிய பெண்ணையும் கட்டிக்கொண்ட என்னைப் பார்த்து, "அண்ணன் மாதிரி வருமா" என்றது ஊர். அமாவாசைதோறும் அம்மா அவனுக்காகக் கத்தரிக்காய்க் குழம்பும் பருப்பு வடையும் செய்வாள். காக்கைக்கு வைக்கமாட்டாள். பசித்த மனிதனுக்குக் கொடுத்தால்தான் அவனுக்குச் சேரும் என்று சொல்லி, தூக்குவாளியோடு திருப்பரங்குன்றத்துக்குப் பஸ் ஏறிவிடுவாள். எனக்கு ரசம்தான். செத்தவன்மேல் பொறாமைப்படலாமா என்று கேட்காதீர்கள். வயிறெரிந்தது.

நான்காம் வருடம், ஓர் அமாவாசையன்று நல்ல மழை. அம்மா நனைவாளே என்று வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். கோயிலுக்குக் கொஞ்சம் தள்ளியிருந்த பஸ் நிறுத்தத்தில் அண்ணன் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தான். பக்கத்தில் முன்பின் தெரியாத ஒரு பெண். அம்மாவின் மடியில் ஒரு குழந்தை, அச்சு அசல் அவன் முகம். உயிரோடு ஓடினால் மாமன் வீட்டார் தேடிப் பிடித்து இழுத்து வருவார்கள். செத்தவனை யார் தேடப்போகிறார்கள்? நின்ற நிலையிலேயே எல்லாம் விளங்கிவிட்டது. அவன் உயிரோடிருக்கிற சந்தோஷம் எனக்கு வரவில்லை. அம்மா வடையைப் பிட்டு அவன் தட்டில் வைத்ததைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். வண்டியைத் திருப்பினேன்.

சாயங்காலம் அம்மா வந்து வாளியைக் கழுவினாள். பார்த்துவிட்டேன் என்றேன். அவள் மறுக்கவில்லை, அழவுமில்லை. ஊரைக் கூட்டிச் சொல்லிவிடலாம் என்று நாக்கு நுனிவரை வந்தது. ஆனால் வாயில் வந்தது வேறு.

"நானும் இப்பிடிச் செத்துப் போயிருந்தா, எனக்கும் இம்புட்டு ஆக்கிச் சுமந்திருப்பியா?"

அம்மா நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ போகமாட்டடா. நீ இருக்கன்னுதான அவனைப் போகச் சொன்னேன்."

அம்மா கண்ணை மூடி இரண்டு வருடமாகிறது. அவள் சொன்னதை யாரிடமும் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியவில்லை.