கமராவுக்குக் கீழே வயரிங்

வயரிங் வேலையில் கரண்ட் அடிப்பதற்கு முன் வீட்டுக்காரர் அடித்துவிடுவார். என்னைப்போல ஏணியேறிப் பிழைக்கும் அன்பர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை.

ஆள் எங்கே?

பண்டத்தரிப்பில் ஒரு மாடிவீடு. வீட்டுக்காரர் ரொறொன்ரோவில். பேஸ்புக்கில் எங்கள் வேலையைப் பார்த்துக் கூப்பிட்டார். முதலில் ஓர் அறையை முடித்துக் காட்டவேண்டும்; பிடித்தால் முழுவீடும் எங்களுக்கு, பிடிக்காவிட்டால் கொழும்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். இதை நம்பி நானும் கூட்டாளி ஜெபா அண்ணையும் வேறு வேலை எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. அண்ணைக்கு முன்பே நான் ஏணியோடு போய்ச் சேர்ந்தேன். வீட்டுக்காரரின் அக்கா என்னைத் தாண்டி ரோட்டை எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, ஏணியை உதிலை வையுங்கோ. வயரிங் செய்யிறவர் எப்ப வருவார்?"

மேலேயிருந்து ஒரு குரல்

அறை மூலையில் கமரா. அதற்கு வாயும் உண்டு. பிளேன்ரீக் கோப்பையைக் கையில் எடுத்தால், "அண்ணை, வேலை நிண்டுபோச்சோ?" என்று ரொறொன்ரோ கேட்கும். மெயின் சுவிச்சை நிப்பாட்டவும் விடவில்லை. நிப்பாட்டினால் வைஃபை போய்விடும், கமராவும் கண்ணை மூடிவிடும். எனக்குச் சரியான கோபம். ஜெபா அண்ணையோ கமராவுக்கு முதுகைக் காட்டி நின்றார். வேர்வையைத் துடைத்துக்கொண்டு மெல்லச் சொன்னார்:

"சேர்ச்சிலை கூட நான் இப்பிடிப் பயந்து நிண்டதில்லை, தங்கச்சி."

கீழே என்றால்

பல்ப் இல்லாத பழைய ஹோல்டரைக் கழற்ற அண்ணை ஏணியில் ஏறினார். "கெதியாச் செய்யுங்கோ, எனக்கு நித்திரை வருது" என்றது கமரா. அந்தப் பதற்றத்தில் அண்ணை டெஸ்டரைக் கீழேயே விட்டுவிட்டார்.

"தங்கச்சி, சுவிச் ஓஃபோ?"

நான் வாய் திறப்பதற்குள் கமரா முந்திக்கொண்டது. "ஓம், சுவர்ச் சுவிச் கீழை பாத்துக் கிடக்கு. ஓஃப்தான். கையை வையுங்கோ."

கீழே என்றால் ஓஃப் என்பது கனடாவில். எங்கள் ஊரில் கீழே கிடந்தால் ஓன்! அண்ணையின் விரல் வயருக்குக் கிட்டப் போய்விட்டது. நல்லகாலம், நான் நின்றது மெயின் சுவிச்சுக்குப் பக்கத்தில். கத்திக்கொண்டே அதை நிப்பாட்டினேன்.

கமரா செத்தது. அண்ணை ஏணியிலேயே குந்திவிட்டார். முழுவீட்டு வேலையும் போச்சு என்று நினைத்தேன். போகட்டும், மனுசன் மிஞ்சினாரே!

ஃபோன் அடித்தது. "ஏன் நிப்பாட்டினனீங்கள்?" ஏனென்று ஊருக்கே கேட்கும்படி கத்தினேன். ரொறொன்ரோ குரலை இறக்கியது.

"ஐயோ கடவுளே... இனி மெயினை நிப்பாட்டிப்போட்டே செய்யுங்கோ. முழுவீடும் நீங்கள்தான். ஆனா தங்கச்சி, கமராவையும் வைஃபையையும் மட்டும் பற்றரியிலை ஓடவிட ஏலாதோ?"

ஆகவே அன்பர்களே, அந்த மாடிவீட்டில் நாங்கள் முதன்முதல் ஒழுங்காகச் செய்துமுடித்த வேலை, எங்களையே காவல் பார்க்கும் கமராவுக்குப் பற்றரி பூட்டியதுதான்.