அம்புக்குறி சப்பையாகாத பெட்டி

மைதீன் போய்விட்டான்...

நேற்று காலை, ஸ்ரீவில்லிபுத்தூரில். மாரடைப்பாம். சாயங்காலம் அசர் தொழுகைக்குப் பிறகு அடக்கமும் முடிந்துவிட்டதாம். எனக்கு இன்றைக்குத்தான் தெரியும், ஏதோ ஒரு வாட்ஸப் ஃபார்வர்டில் போட்டோவைப் பார்த்து.

வீட்டில் சொல்லலாம் என்று எழுந்து போனேன். "யாருங்க மைதீன்?" என்று மனைவி கேட்டாள். கல்யாணமாகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவன் பேரை ஒரு தடவை கூட நான் வீட்டில் சொன்னதில்லை.

ஏன் சொல்லவில்லை என்பதைத்தான் எழுதப் போகிறேன். அவனைத் தெரிந்தவர்கள் இங்கே என் நண்பர்கள் லிஸ்ட்டில் யாரும் இல்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

தொண்ணூற்றேழாம் வருஷம் இருக்கும். ராஜபாளையம் பஞ்சு மார்க்கெட் பக்கம் ஒரு மாடியில் சின்ன கம்ப்யூட்டர் ஆபீஸ். மில்லுக்கும் பேண்டேஜ் கம்பெனிக்கும் சாஃப்ட்வேர் எழுதிக் கொடுப்பது வேலை. தேவதானத்திலிருந்து நான் ஒரு பஸ், ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவன் ஒரு பஸ்.

புரோகிராம் எழுதுவதற்கு முன்னால் ஸ்கிரீன் எப்படி இருக்கும் என்று வரைந்து, பிரிண்ட் எடுத்துக் காட்டி ஓகே வாங்க வேண்டும். எங்களிடம் இருந்ததோ ஃப்ளோசார்ட் போடுகிற சாஃப்ட்வேர். கட்டம், வட்டம், டைமண்ட்... அவ்வளவுதான். பட்டன் கூடக் கிடையாது.

மைதீன் ஒவ்வொரு ஷேப்பாக அவனே செய்தான். ஒரு சாம்பல் கட்டம், மேலேயும் இடதிலும் வெள்ளைக் கோடு, கீழேயும் வலதிலும் கறுப்புக் கோடு. பார்த்தால் அமுக்கத் தோன்றும், அப்படி ஒரு பட்டன்.

அமுக்கினால் கீழே பட்டியல் விரிகிற டிராப்-டவுன் பெட்டிதான் உயிரை வாங்கியது. பெட்டியை அகலமாக இழுத்தால் ஓரத்தில் இருக்கிற அம்புக்குறியும் சேர்ந்து இழுபட்டுச் சப்பையாகிவிடும். வாரக்கணக்கில் அதோடு மல்லுக்கட்டினான்.

ஒரு மத்தியானம், சாப்பாட்டுத் தூக்கைக் கூடத் திறக்காமல் கூப்பிட்டான்.

"ஏலே முருகேசா, இங்க வா. இப்ப இழுத்துப் பாரு... எம்புட்டு வேணாலும் இழு."

இழுத்தேன். பெட்டி நீண்டது. அம்புக்குறி அதே அளவில், ஓரத்திலேயே நின்றது.

"எப்பிடிலே?"

"அம்புக்குறி அகலத்த மட்டும் ஃபார்முலா போட்டுப் பூட்டிட்டேன். பெட்டி என்ன ஆட்டம் போட்டாலும் அதுக்குக் கவலை இல்ல."

அப்புறம் சத்திரப்பட்டி பேண்டேஜ் கம்பெனி. வருகைப் பதிவு ஸ்கிரீனை பிரிண்ட் எடுத்து அங்கே டைம் கீப்பர் அண்ணாச்சியிடம் கொடுத்துவிட்டு வந்தோம், பார்த்து வையுங்கள் என்று.

மூன்று நாள் கழித்துப் போனால் மனுஷன் அத்தனை பெட்டியையும் பால்பாயிண்ட் பேனாவால் நிரப்பி வைத்திருக்கிறார்! பேர், ஷிஃப்ட், வந்த நேரம்...

"எல்லாம் எழுதியாச்சு தம்பி. அந்த 'சேவ்'னு போட்ட கட்டத்துல மட்டும் என்ன எழுதன்னு தெரியல. கையெழுத்தப் போட்டுட்டேன்."

நான் சிரிப்பை அடக்க முடியாமல் வெளியே ஓடி வந்துவிட்டேன். மைதீன் சிரிக்கவில்லை. பஸ் ஸ்டாப்புக்கு வந்த பிறகு, "நாம வரஞ்ச பெட்டி அவியளுக்கு அம்புட்டு நெசமாத் தெரிஞ்சிருக்குலே" என்றான். முகமெல்லாம் சந்தோஷம்.

மறு வருஷம் சென்னையில் ஒரு கம்பெனியில் ஆள் எடுத்தார்கள். இரண்டு பேரும் போவதாகத்தான் இருந்தது. கிளம்புகிற அன்றைக்குப் பார்த்து அவன் அத்தா என்று கூப்பிடுகிற அப்பாவுக்கு முடியாமல் போய், மதுரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போகும்படி ஆகிவிட்டது.

ஆனாலும் பஸ் ஸ்டாண்டுக்கு ஓடி வந்து, அந்த ஷேப்புகளை எல்லாம் போட்டு வைத்த பிளாப்பியைக் கையில் கொடுத்தான். "இதக் காட்டுலே. ரெண்டு பேரும் செஞ்சதுன்னு சொல்லு. நான் பொறவு வாரேன்னு சொல்லு."

அங்கேயும் அதே சாஃப்ட்வேர்தான். இன்டர்வியூ செய்தவர் அந்தப் பெட்டியை இழுத்தார், சுருக்கினார், மறுபடி இழுத்தார். நிமிர்ந்து, "இது யார் பண்ணினது?" என்று கேட்டார்.

நான்தான் சார் என்றேன்.

ரெண்டு பேரும் என்று கூடச் சொல்லவில்லை... பதற்றத்தில் வாய் தவறி வந்துவிட்டது என்று இத்தனை வருஷமாக எனக்கு நானே சொல்லிக்கொண்டு இருக்கிறேன். பொய். ஒரு இடம்தான் காலி என்று தெரியும். தெரிந்துதான் சொன்னேன்.

வேலை கிடைத்தது. அவன் அத்தா அதற்குப் பிறகு எழுந்திருக்கவே இல்லை. அவரைப் பார்த்துக்கொண்டு மைதீன் ஊரிலேயே கல்யாணப் பத்திரிகை அடிக்கிற டிடிபி கடை போட்டு உட்கார்ந்துவிட்டான்.

ஒரு பொங்கல் லீவில் கடைக்குப் போனேன். டீ வாங்கிக் கொடுத்தான். சென்னையைப் பற்றி ஒன்றுமே கேட்கவில்லை. கிளம்பும்போது மட்டும்...

"அந்தப் பெட்டிய ரொம்பச் சின்னதாக்குனா அம்புக்குறி வெளிய துருத்திக்கிட்டு நிக்கும்லே. ஒரு தப்பு கெடக்கு அதுல. சரி பண்ணிட்டியா?"

அப்படி ஒரு தப்பு இருப்பதே எனக்குத் தெரியாது. "பண்ணிட்டேன்" என்றேன்.

"நல்லதுலே. அது ஒண்ணுதான் மனசுல கெடந்துச்சு."

அவனுக்கு விஷயம் தெரியுமா, சும்மா கேட்டானா... இன்று வரை தெரியாது. அதோடு நான் அவனைப் பார்க்கவே இல்லை. ஊருக்கு வரும்போது ஸ்ரீவில்லிபுத்தூரில் பஸ் நின்றால் தூங்குகிற மாதிரி கண்ணை மூடிக்கொள்வேன்.

இன்றைக்கு முழுக்க போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறேன். யாருக்குப் பேசுவது? மைதீன் செத்துட்டான் என்று சொன்னால், "அய்யய்யோ, எப்ப?" என்று கேட்க எனக்கு ஒரு ஆள் இல்லை. அப்படி ஒரு ஆள் இல்லாமல் செய்துகொண்டவனும் நான்தான்.

பழைய ஆபீஸ் நண்பர்கள் நிறையப் பேர் இதைப் படிப்பீர்கள். சேர்ந்த புதிதில் நீங்கள் எல்லாரும் கூடி நின்று என்னைப் பாராட்டினீர்களே, அந்த ஷேப்புகளில் ஒன்று கூட என்னுடையது இல்லை. எல்லாம் ஸ்ரீவில்லிபுத்தூர் மைதீன் செய்தது.

உன் பேரச் சொல்லிட்டேன் மைதீன். கேக்கதுக்குத்தான் நீ இல்ல...

போயிட்டு வாலே.