சுடாத காயில்

தூத்துக்குடியில் மோட்டார் எரிந்துபோனால் ஜனங்கள் சிலுவை கடைக்குத்தான் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். ஐஸ் ஃபேக்டரி மோட்டார், உப்பளத்துப் பம்பு, கல்யாண மண்டபத்து கிரைண்டர் என்று எல்லாம் அங்கேதான் வந்து விழும். ‘சிலுவை காயில் கட்டினால் அஞ்சு வருஷத்துக்குக் கவலை இல்லை’ என்று ஊரில் பேர்.

அந்தப் பேரில் ஒரு சின்னச் சங்கடம் உண்டு. சிலுவை தன் ஆயுசில் ஒரு காயிலை ஒழுங்காகக் கட்டியதில்லை. அவர் மூடியைக் கழற்றுவார், பேரிங் மாற்றுவார், மூடியைத் திரும்ப மாட்டுவார், வந்தவரோடு டீ குடிப்பார். கடைக்குள் இருக்கும் பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, செம்புக் கம்பியைச் சுற்றுச் சுற்றாக இறுக்கிக் கட்டி, வார்னிஷில் முக்கி, உலரவைத்து எடுப்பது அவர் மனைவி ஹில்டா. கட்டிய காயில் மோட்டாருக்குள் போய்விடும். அதன்மேல் மூடி வந்துவிடும். அப்புறம் யார் கட்டினார்கள் என்று யாருக்குத் தெரியப்போகிறது?

சிலுவை நல்ல மனுஷன். “நான் இல்ல, எம் பொண்டாட்டிதான் கட்டுதா” என்று கேட்டவர்களிடமெல்லாம் சொல்லிப் பார்த்தார். அவர்கள் சிரித்துக்கொண்டு போய்விட்டார்கள். அவர் இல்லாத நேரத்தில் வருகிறவர்கள் தடுப்புக்கு மேலாக எட்டிப் பார்த்து, “அண்ணன் இல்லையா? சரி, பொறவு வாரேன்” என்று திரும்பிவிடுவார்கள். ஹில்டாவுக்கு நாற்பத்தாறு வயது. அதில் பாதியைத் தடுப்புக்கு அந்தப் பக்கமே கழித்தவள். வெளியே சொல்லிக்கொண்டதில்லையே தவிர, உள்ளே அது முள்ளாகத்தான் இருந்தது.

2023 டிசம்பர் வெள்ளத்தில் ஊரே முங்கியதே, அப்போதுதான் ரேடியோ அவள் வாழ்க்கைக்குள் வந்தது. போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. அவர்கள் தங்கியிருந்த பள்ளிக்கூடத்து மாடியில் ஒரு ஆள் ஒரு சின்னப் பெட்டியையும் ஒரு கம்பியையும் வைத்துக்கொண்டு, வேம்பாரில் இருக்கும் அவளுடைய அக்கா டெல்பினுக்குத் தகவல் அனுப்பினார். கொஞ்ச நேரத்தில், அக்கா உயிரோடு இருக்கிறாள் என்ற பதிலும் அந்தப் பெட்டி வழியாகவே வந்தது. ஹாம் ரேடியோ என்றார் அவர். பொழுதுபோக்குக்காகப் பரீட்சை எழுதி, லைசென்ஸ் வாங்கி வைத்துக்கொள்வார்களாம். தண்ணீர் வடிந்து, கடையில் சேறு அள்ளி முடித்ததும் ஹில்டா செய்த முதல் காரியம் அந்தப் பரீட்சைக்குப் படித்ததுதான்.

குட்டையும் நீளமுமான தட்டல்களால் எழுத்துகளை அனுப்பும் மோர்ஸ் அவள் கைக்கு லேசாக வந்தது. சுற்று எண்ணுகிற விரல் ஆயிற்றே. லைசென்ஸ் வந்தபோது கூடவே ஒரு அழைப்புக்குறியும் வந்தது. வி.யூ. என்று தொடங்கும் அந்த எழுத்துகள் அவளுக்கு மட்டுமே உரியவை. ஆதார் அட்டையில்கூடப் பக்கத்தில் புருஷன் பேர் இருந்தது. இதில் இல்லை.

வந்தவள் எல்லோரையும் போல எளிதான அலைவரிசையில் பேசிவிட்டுப் போயிருக்கலாம். ஹில்டா போய் நின்ற இடம் நூற்றறுபது மீட்டர் அலைவரிசை. பழைய ரேடியோப் பெட்டியில் மீடியம் வேவ் என்று இருக்குமே, அதற்கு அடுத்த படி. பகலில் பக்கத்து ஊர் தாண்டாது. பொழுது சாய்ந்தால் கடல் தாண்டும். அதற்கு முறையாக ஆன்டெனா வைக்க வேண்டுமென்றால் இரண்டு பனை உயரத்துக்குக் கம்பம் வேண்டும். ஹாம் நண்பர்கள் கூடியிருந்த இடத்தில் ஒருவர், “அது தோப்பு தொரவு உள்ளவங்க வெளையாட்டு மேடம். மொட்டை மாடியில நடக்காது. கம்பம் குட்டையா இருந்தா, அதுக்கு ஈடா பெரிய காயில் ஒண்ணு கட்டணும்” என்றார்.

ஹில்டாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

“காயில்தான?” என்றாள்.

கடைக்கு மேலேயே வீடு. வீட்டுக்கு மேலே மொட்டை மாடி. இரண்டு ஆள் உயரத்துக்கு ஒரு கம்பம் நட்டாள். உச்சியில் துணியில்லாத குடை மாதிரி கம்பிகளை விரித்தாள். தரையெல்லாம் செம்புக் கம்பிகளைப் பரப்பினாள். உப்புக் காற்றில் இணைப்புகள் பச்சை பூத்துவிடும் என்பதால் ஞாயிறு பூசை முடிந்து வந்ததும் உப்புத்தாள் வைத்துத் தேய்ப்பாள். கம்பத்தின் அடியில் அவளுடைய காயில். பார்த்தால் கண் பட்டுவிடும். இடைவெளியே இல்லாமல், அடுக்குமேல் அடுக்காக, நகம் நுழையாத இறுக்கத்தில் கட்டி, மூன்று தரம் வார்னிஷில் முக்கி, வெயிலில் காயவைத்து எடுத்தது. சிலுவைகூட அதைக் கையில் வாங்கி, “இத மோட்டாருக்குள்ள வச்சா நம்ம பேரன் காலம் வரைக்கும் ஓடும்ளா” என்றார்.

ரேடியோ செட் அனுப்பும் சக்தியை ஆன்டெனா வாங்கிக்கொள்கிறதா என்று பார்க்கும் மீட்டரும் நல்ல பிள்ளையாக, எல்லாம் சரி என்றே காட்டியது. ஹில்டா சாயங்காலம்தோறும் உட்கார்ந்து, யாராவது கேட்கிறீர்களா என்று தட்டினாள். கேட்டது ஒரே ஒரு ஆள். பக்கத்திலேயே, திருநெல்வேலி ரோட்டில் உள்ள புதுக்கோட்டையில் செல்போன் ரிப்பேர் கடை வைத்திருக்கும் செந்தில்வேல். அவனும் ஹாம்தான். “நல்லாக் கேக்குக்கா” என்று போனில் கூப்பிட்டுச் சொல்வான். அதைத் தாண்டி ஒரு ஈ காக்காய்கூடப் பதில் சொல்லவில்லை. அவளுக்குத் தூரத்து நிலையங்கள் கேட்டன, அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதும் கேட்டது. அவள் குரல்தான் யாருக்கும் போய்ச் சேரவில்லை.

“பக்கத்துப் புதுக்கோட்டைக்கு எதுக்குளா இம்புட்டுப் பெரிய கம்பம்? மாடியில நின்னு ஒரு கூப்பாடு போட்டா அவனே வந்துருவானே” என்றார் சிலுவை. வேறு நாளாக இருந்தால் ஹில்டாவும் சிரித்திருப்பாள். அன்று சிரிக்க முடியவில்லை. இங்கேயும் நான் தடுப்புக்கு அந்தப் பக்கம்தானா என்று அவளுக்கு ஆத்திரமாக வந்தது.

பட்ட காலிலே படும் என்பார்கள். வீட்டுக்காரர் தங்கப்பாண்டி அண்ணாச்சி அந்த வாரம் வந்து நின்றார். பலசரக்குக் கடைக்காரர். வாடகைக்குக் கறார், மற்றபடி தங்கமான ஆள். மகள் அனுசியாவுக்குக் கல்யாணம் கூடியிருந்தது.

“மாடியில சாப்பாட்டுப் பந்தல் போடணும் தாயி. பந்தக்கால் நடுததுக்கு முந்தி ஒன் கம்பத்த எடுத்துரு. கல்யாணம் முடிஞ்ச கையோட மேல தகர ஷீட்டும் போட்டுருவேன். இனிமே அங்கன கம்பம் சரிப்படாது.”

“எப்ப அண்ணாச்சி பந்தக்கால்?”

“வார வெள்ளிக்கெழம.”

ஒரு வாரம்கூட இல்லை. அதற்குள் கடலுக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஆள் கேட்டுவிட்டால் போதும். இல்லையென்றால், மொட்டை மாடியில் நடக்காது என்று சொன்னவர் சொன்னதுதான் சரி என்றாகிவிடும். ஹில்டா கம்பத்தை ஒரு முழம் உயர்த்திப் பார்த்தாள். தரைக் கம்பிகளைக் கூட்டிப் பார்த்தாள். மாதாவுக்கு மெழுகுதிரியும் நேர்ந்தாள். குறை எங்கே என்று தேடியபோது எல்லாவற்றையும் சந்தேகப்பட்டாள், காயிலைத் தவிர. அவள் கட்டிய காயிலில் குறையா? சூரியன் மேற்கே உதிக்கும் என்றாலும் நம்பலாம், இதை நம்ப முடியாது.

புதன்கிழமை சாயங்காலம் அவள் வெகுநேரம் தட்டிவிட்டு, செட்டை அணைத்த சமயம், அண்ணாச்சி பந்தலுக்கு அளவு பார்க்க மாடிக்கு வந்தார். வந்தவர் கம்பத்தடியில் குனிந்து, இது என்ன என்று காயில்மேல் கையை வைத்தார். வைத்த வேகத்தில் எடுத்தார்.

“ஆத்தாடி! என்ன தாயி, இட்லிச் சட்டி கணக்கா சுடுது? கீத்துப் பந்தல் போடப்போறேன், தீ கீ புடிச்சிராதே?”

“ஒண்ணும் ஆகாது அண்ணாச்சி. காயில்னா சுடத்தான் செய்யும். நம்ம கடைக்கு வாங்க, ஓடுத மோட்டாரத் தொட்டுப் பாருங்க, எல்லாம் சுடும்.”

அண்ணாச்சி கையை வேட்டியில் துடைத்துக்கொண்டு யோசித்தார். அவருக்குத் தீப்பிடிக்குமோ என்ற பயம் இன்னும் போகவில்லை.

“மோட்டாரு தண்ணி எறைக்கு, சுடுது. சரி. கிரைண்டரு மாவாட்டுது, சுடுது. அதுவும் சரி. இது ஒண்ணையும் ஆட்டாம எறைக்காம சும்மாதான உக்காந்திருக்கு. இது எதுக்குத் தாயி சுடுது?”

ஹில்டா காயில்மேல் தன் கையையும் வைத்துப் பார்த்தாள். அண்ணாச்சி பந்தலுக்கு எத்தனை கால் வேண்டும் என்று எண்ணிக்கொண்டே இறங்கிப் போய்விட்டார். அவள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள்.

சுடக்கூடாது. அதுதான் விஷயம். செட்டிலிருந்து புறப்பட்ட சக்தி கம்பத்தில் ஏறி வானத்துக்குப் போக வேண்டியது. அது போகாமல் காயிலுக்குள்ளேயே கிடந்து வெந்துகொண்டிருக்கிறது. மீட்டரும் அதனால்தான் எல்லாம் சரி என்று சாதித்திருக்கிறது. அதற்கென்ன, கொடுத்ததை எது வாங்கிக்கொண்டாலும் அதற்குத் திருப்திதான். புத்தகத்தில் படித்தவள்தான் ஹில்டா. ரேடியோக் காயிலில் சுற்றுக்குச் சுற்று இடைவெளி விட வேண்டும், அடுக்குமேல் அடுக்கு ஏற்றக்கூடாது, வார்னிஷ் வேண்டாம் என்று அச்சில் இருந்ததை அவளே வாசித்திருக்கிறாள். அது கட்டத் தெரியாதவர்களுக்குச் சொன்னது என்று நினைத்துத் தாண்டிப் போயிருந்தாள். வேறு யாராவது கட்டியிருந்தால் இவ்வளவு கெட்டியாகக் கட்டியிருக்க மாட்டார்கள், இவ்வளவு மோசமாகவும் ஆகியிருக்காது. நினைக்க நினைக்க அவளுக்குத் தன்மேலேயே கோபமும் சிரிப்பும் சேர்ந்து வந்தன.

வியாழக்கிழமை காலையில் கடை வேலையை ஒதுக்கி வைத்துவிட்டுப் புதுக் காயில் கட்ட உட்கார்ந்தாள். பெரிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை எடுத்துக்கொண்டு, தடித்த கம்பியை ஒரே அடுக்காகச் சுற்றினாள். கை சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. இருபது வருஷத்துக்கு மேல் நெருக்கிப் பழகிய விரல், ஒவ்வொரு சுற்றையும் முந்தின சுற்றோடு கொண்டுபோய் ஒட்டியது. கடைசியில் சிலுவையின் தூண்டில் நரம்பை எடுத்துவந்து, கம்பியோடு கம்பியாக அதையும் சேர்த்துச் சுற்றி, முடிந்ததும் நரம்பை மட்டும் உருவினாள். சுற்றுகளுக்கு நடுவே சீராக இடைவெளி விழுந்துவிட்டது.

சிலுவை எட்டிப் பார்த்தார். முகம் சுருங்கிப்போனது.

“யாருளா இத கட்டுனது? கடையில ஒரு ஹெல்ப்பர் இப்பிடிக் கட்டிட்டு வந்தான்னா வெளிய போலேன்னுருவேன்.”

“நான்தான் கட்டுனேன்.”

“வார்னிஷ்?”

“கெடையாது.”

சிலுவை சிலுவை போட்டுக்கொண்டு போய்விட்டார்.

மாடிக்குக் கொண்டுபோய் மாட்டியதும் மீட்டர் முரண்டு பிடித்தது. பழைய காயிலுக்கு நல்ல பிள்ளையாக இருந்த முள், இதற்கு எங்கேயோ போய் நின்றது. கட்டியது தப்போ? உச்சி வெயிலில் நின்று, இணைப்புக் கிளிப்பை ஒவ்வொரு சுற்றிலும் மாற்றி மாற்றிக் கவ்வவைத்துப் பார்த்தாள். வெயில் தாழ்ந்த பிறகுதான் முள் ஒருவழியாக இறங்கி வந்தது. கொஞ்ச நேரம் தட்டிவிட்டு, செட்டை அணைத்து, காயிலைத் தொட்டாள். ஜில்லென்று இருந்தது. உள்ளங்கையை வைத்து அழுத்தியும் பார்த்தாள். அவள் ஆயுசில் ஒரு காயில் சூடாகவில்லை என்று சந்தோஷப்பட்டது அன்றைக்குத்தான்.

துறைமுகத்துப் பக்கம் விளக்குகள் எரியத் தொடங்கிய நேரம் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். மாடியின் மற்ற மூலையில் நாளைக்கு நடப்போகிற பந்தக்கால் மஞ்சள் பூசிக்கொண்டு சாய்ந்திருந்தது. யாராவது கேட்கிறீர்களா என்று தட்டினாள். தன் எழுத்துகளைத் தட்டினாள். தெருவில் உள்ள எல்.ஈ.டி. விளக்குகள் எல்லாம் சேர்ந்து காதுக்குள் சடசடவென்று இரைந்தன. வேறொன்றும் இல்லை. மறுபடி தட்டினாள். மறுபடி இரைச்சல். மறுபடியும் தட்டிவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள்.

இரைச்சலுக்கு அடியில் ஏதோ மெலிசாகக் கேட்டது. வி. யூ. அடுத்து வந்த ஒவ்வொரு எழுத்தும் அவளுடையது. கடைசி எழுத்து வரை அவளுடையது. கூப்பிட்டது தாய்லாந்துக் கடற்கரையிலிருந்து ஒரு மனுஷர். வங்காள விரிகுடாவுக்கும் அந்தமானுக்கும் அந்தப் பக்கம். உன் சத்தம் மெலிவு, ஆனால் தெளிவு என்றார். தன் பெயர் நிரான் என்றார். உன் பெயர் என்ன என்று கேட்டார்.

அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. முதல் எழுத்தைத் தப்பாகத் தட்டி, திருத்தி, மறுபடி தட்டினாள். அந்தப் பக்கமிருந்து அவள் பெயர் நிதானமாக எழுத்து எழுத்தாகத் திரும்பி வந்தது. எந்த ஆன்டெனா, எவ்வளவு உயரம் என்று அவர் அடுத்துக் கேட்டார். இரண்டு ஆள் உயரம் என்று சொன்னாள். நம்பவே முடியவில்லை, காயில் யார் கட்டியது என்று கேட்டார்.

அந்த நேரம் பார்த்துக் கீழேயிருந்து சிலுவையின் குரல் வந்தது.

“ஏளா ஹில்டா! ஐஸ் ஃபேக்டரிக்காரரு வந்திருக்காரு. மோட்டார் என்னாச்சின்னு கேக்காரு. சட்டுன்னு எறங்கி வா.”

இத்தனை வருஷத்தில் அந்தக் குரலுக்கு அவள் எழுந்து ஓடாத நாள் இல்லை. அன்று ஹெட்ஃபோனின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிவிட்டு, தெருவே கேட்கும்படி சொன்னாள்:

“காத்திருக்கச் சொல்லுங்க! நான் பேசிக்கிட்டிருக்கேன்!”

கீழே சிலுவை ஐஸ் ஃபேக்டரிக்காரரிடம் சொல்வது கேட்டது.

“ஒம்ம மோட்டாருக்குக் காயில் கட்டுதவ மேல வெளிநாட்டுக்காரரோட பேசிக்கிட்டிருக்கா. அவ வந்தாத்தான் வெவரம் தெரியும். உக்காரும்.”

ஸ்டூல் இழுபடும் சத்தம் கேட்டது. ஹில்டா ஹெட்ஃபோனைச் சரியாக மாட்டிக்கொண்டு, நான்தான் கட்டினேன் என்று தட்டினாள்.