ஒடுக்கு விழுந்த தட்டு

கையில் தட்டோடு ஹபீபுன்னிசா பிள்ளையின் முதுகுப் பக்கமாகப் போகிறார். தாய்க்காரி தூக்குவாளியின் கைப்பிடியை ஆட்டி ஆட்டிப் பார்த்துக்கொண்டிருக்கிறாள். பேரம் பாதியில் நிற்கிறது. தட்டு தரையில் விழுகிறது. கோழிகள் சிதறி ஓடுகின்றன. தாய் "யம்மாடி!" என்று நெஞ்சில் கை வைக்கிறாள். பிள்ளை உதட்டைப் பிதுக்கிக்கொண்டு அழத் தொடங்குகிறது. ஹபீபுன்னிசாவின் முகம் மலர்ந்துவிடுகிறது. "அழுவட்டும் அழுவட்டும். காது ரெண்டும் நல்லா இருக்கு. இப்ப சொல்லு தாயி, வாளி வேணுமா, வேணாமா?"

மயிலாடுதுறையிலிருந்து திருவாரூர்ப் பக்கம் போகும் கிளைச் சாலைகளில் இந்த அம்மாளைப் பார்க்கலாம். பழைய டிவிஎஸ் வண்டி. பின்னால் வலைப்பை நிறைய எவர்சில்வர் பாத்திரம், முன்னால் பழைய துணி மூட்டை. சேலை முந்தானையைத் தலையோடு இழுத்துக் காதுக்குப் பின்னால் செருகியிருப்பார். பழைய துணிக்குப் பாத்திரம் கொடுப்பது தொழில். பட்டுக் கரை இருந்தால் குண்டான், பேண்ட் கிழியாமல் இருந்தால் டிபன் பாக்ஸ், வெறும் கைலி என்றால் ஒரு டம்ளருக்கு மேல் பேச்சே கிடையாது. "இந்தக் கைலிய உம் மாமன் கட்டிக்கிட்டு அறுப்புக்கும் போயிருக்காரு, சண்டைக்கும் போயிருக்காரு. இதுக்கு அண்டா கேட்டா எப்படி?" என்பார். பாத்திரத்தின் கனத்தைப் பற்றி அவர் சொல்வதில் பாதியை நம்பலாம். காது விஷயத்தில் முழுவதையும் நம்பலாம்.

அவர் வருவதை யாரும் கூவிச் சொல்ல வேண்டியதில்லை. வாய்க்கால் மதகு திரும்பும்போதே பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடித்துக்கொள்ளும் சத்தம் தெருவுக்கு வந்துவிடும். பிள்ளைகள் ஓடிவந்து வண்டியைச் சூழ்ந்துகொள்வார்கள். ஓடி வந்த பிள்ளைகளை அவர் கண்டுகொள்வதே இல்லை. வராமல் வாசலில் உட்கார்ந்து மண்ணைக் கிளறிக்கொண்டிருக்கும் பிள்ளை எது என்றுதான் கண் தேடும்.

இந்தத் தேடலுக்குக் காரணம் அவருடைய தம்பி கலந்தர். மயிலாடுதுறைக் கடை ஒன்றில் பாத்திரத்தில் பெயர் வெட்டும் வேலை. காலையிலிருந்து இரவு வரை அந்த மிஷின் கிர்ரென்று கத்திக்கொண்டிருக்கும். கலந்தருக்கு அது ஒரு தொந்தரவே இல்லை. பிறவியிலேயே காது கேட்காது. பள்ளிக்கூடத்தில் சேர்க்கப் போனபோதுதான் வீட்டுக்கே தெரிந்தது. அக்காவும் தம்பியும் கையாலேயே பேசிக்கொள்வார்கள், கையாலேயே சண்டையும் போட்டுக்கொள்வார்கள். "அவனுக்கு என்னா கொறச்சல்? கல்யாணம் ஆச்சு, புள்ளை இருக்கு, கைல தொழில் இருக்கு. ஆனா அந்தக் காலத்துல இந்த ஆபரேசனும் காப்பீட்டு அட்டையும் இருந்திருந்தா எம் பேர ஒரு தடவ சத்தமா கூப்புட்டிருப்பான்ல?" என்று சொல்லும்போது மட்டும் அவர் குரல் கொஞ்சம் இறங்கும். கீழே போடும் தட்டு கலந்தர் சின்ன வயதில் சாப்பிட்டது. விளிம்பெல்லாம் ஒடுக்கு. யார் என்ன விலை கேட்டாலும் கொடுக்க மாட்டார்.

தட்டு விழுந்தும் ஒரு பிள்ளை திரும்பாவிட்டால் அன்றைய வியாபாரம் அத்தோடு சரி. இன்னொரு தடவை போட்டுப் பார்ப்பார். பிறகு குடிக்கத் தண்ணீர் கேட்பார். தாயைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு நேராகவே சொல்லிவிடுவார். "புள்ளைக்குக் காது கேக்கல தாயி. பயப்படாத. ஆறு வயசு முடியுறதுக்குள்ள போயிட்டா ஆபரேசன் பண்ணி உள்ள மிஷின் வெச்சு விட்டுடுவாங்க. கவர்மெண்டு காப்பீட்டு அட்டை இருந்தா நம்ம கைக்காசு வேணாம். அட்டை இருக்கா? அதுல புள்ளை பேரு இருக்கா?"

பெரும்பாலும் அட்டை இருக்காது. இருந்தால் பிள்ளை பெயர் இருக்காது. அங்கேதான் ஹபீபுன்னிசாவின் இரண்டாவது தொழில் ஆரம்பமாகிறது. அதில் அவருக்கு ஒரு டம்ளர்கூட லாபம் இல்லை.

இளமதி விஷயத்தில் பட்ட பாட்டை அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அப்போது சிரித்ததாகத் தெரியவில்லை.

திருவாரூர்ப் பக்கத்தில் வடகரைத் தெரு என்று ஒரு குடியிருப்பு. எல்லாம் நடவுக்கும் அறுப்புக்கும் போகிற குடும்பங்கள். மனை எங்களுடையது என்று ஒரு மடம் சொல்லிக்கொண்டிருந்தது. பாட்டன் காலத்திலிருந்து குடியிருக்கிறோம், பட்டா கொடு என்று தெரு கேட்டுக்கொண்டிருந்தது. வழக்கு கோர்ட்டில் வருஷக்கணக்காகப் படுத்துக் கிடந்தது. சண்டை முற்றிய நாளில் யாரோ தெருவுக்கு வரும் பாதையை மிஷின் வைத்து வெட்டிவிட்டார்கள். பள்ளத்தைத் தாண்டிப் பாத்திர வண்டி போக முடியாததால் ஹபீபுன்னிசா அந்தத் தெருப் பக்கமே போகாமல் இருந்தார். பஞ்சாயத்தில் மண்ணடித்துப் பாதையைச் சரி செய்த பிறகு முதல் தடவை போனவர், பொன்னுத்தாய் வீட்டு வாசலில் தட்டைப் போட்டார். அவள் மகள் இளமதி திரும்பவில்லை. அவளுக்கு அப்போதே ஐந்து வயது தாண்டியிருந்தது. தை பிறந்தால் ஆறு முடிந்துவிடும்.

பொன்னுத்தாய் நம்பவில்லை. "போங்க பாயம்மா. இவ அப்பாவே அஞ்சு வயசுலதான் பேசுனாராம். இவ சாதுங்க. கதிரடிக்கிற மிஷின் பக்கத்துலயே தொட்டில் கட்டிப் போட்டுட்டு வேலை பாப்பேன், அலுங்காம தூங்குவா. எல்லாரும், புள்ளைன்னா இப்படி இருக்கணும்னு சொல்லுவாங்க" என்றாள். சொல்லிக்கொண்டே வந்தவள், மிஷின் பக்கத்துத் தொட்டிலை நினைத்தவுடன் நிறுத்திக்கொண்டாள். அப்புறம் அவள் அழுத அழுகையை ஹபீபுன்னிசா தடுக்கவில்லை.

தஞ்சாவூர்ப் பெரியாஸ்பத்திரியில் பார்த்துவிட்டு, ஆபரேசன் செய்யலாம், அட்டையோடு வாருங்கள் என்றார்கள். அந்த வீட்டில் ஒரு பழைய அட்டை இருந்தது. ஆட்சி மாறியதும் அது செல்லாது என்றாகிவிட்டது. புது அட்டைக்குக் குடும்பத்தோடு படம் பிடிக்க வேண்டும். படம் பிடிக்கப் போவதற்கு முன்னால் கிராம நிர்வாக அலுவலர், ஊரார் சொல்லும் வி.ஏ.ஓ., வருமானச் சான்று தர வேண்டும். அந்த இளைஞர் கெட்டவர் இல்லை, பயந்தவர். "வடகரைத் தெருவுல குடியிருக்காங்கன்னு நான் கையெழுத்துப் போட்டா, நாளைக்கு அதையே கோர்ட்ல காட்டுவாங்க. மடத்துல என்னைக் கேப்பாங்க. இவங்க அம்மா வீட்டு விலாசம் இருக்குல்ல, திருவிடைமருதூரு? அங்க வாங்கிக்கச் சொல்லுங்க" என்றார்.

அதற்கும் பொன்னுத்தாயின் புருஷன் செல்லதுரை சரி என்றுதான் சொன்னான். தெரு விடவில்லை. தெருவுக்குப் பெரியவர் இராஜாங்கம். கூலி உயர்வு கேட்டுப் போராடி ஜெயிலுக்குப் போனவர், வழக்கைத் தோளில் தூக்கிக்கொண்டு அலைகிறவர். "ஒரு வீடு வெளியூரு விலாசம் வாங்குச்சுன்னா போதும். 'இவங்க இங்க குடியே இல்ல'ன்னு அந்தப் பக்கத்து வக்கீல் எழுந்திரிச்சு நிப்பான். ஒரு புள்ளைக்காக இத்தனை குடும்பத்தையும் ரோட்டுல நிறுத்தச் சொல்றீங்களா பாயம்மா?" என்று கேட்டார். அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. அதுதான் ஹபீபுன்னிசாவுக்கு எரிச்சலாக இருந்தது. அநியாயம் பேசுகிறவரை அவரால் ஒரு வாயில் அடக்கிவிட முடியும்.

மார்கழி பிறந்தது. மழை விட்டுவிட்டுப் பெய்தது. ஹபீபுன்னிசா பாத்திர மூட்டையை வீட்டில் இறக்கி வைத்துவிட்டு வெறும் வண்டியில் வடகரைத் தெருவுக்குப் போனார். பொன்னுத்தாயையும் இளமதியையும் ஏற்றிக்கொண்டார். "அண்ணே, நீங்களும் சைக்கிள எடுத்துக்கிட்டு வாங்க. கையெழுத்துப் போடச் சொல்லல, சும்மா கூட நில்லுங்க" என்று இராஜாங்கத்தைக் கூப்பிட்டார்.

வி.ஏ.ஓ. அலுவலகத்தில் பட்டா மாறுதலுக்கு வந்தவர்கள், பயிர்ச் சேதத்துக்கு எழுத வந்தவர்கள் என்று நல்ல கூட்டம். இளமதியை ஜன்னலோரம் பெஞ்சில் உட்கார வைத்தார்கள். வெளியே வேலியில் ஓர் ஓணான் தலையை ஆட்டிக்கொண்டிருந்தது. அவள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். வி.ஏ.ஓ. பழைய பாட்டையே பாடினார். இராஜாங்கம் பழைய பதிலையே சொன்னார். ஹபீபுன்னிசா பையிலிருந்து தட்டை எடுத்தார். தலைக்கு மேலே தூக்கினார். சிமெண்டுத் தரையில் ஓங்கிப் போட்டார்.

வி.ஏ.ஓ.வின் டீ மேஜை முழுக்கக் கொட்டியது. வரிசையில் நின்ற ஒருவர் வாசலுக்கே போய்விட்டார். இராஜாங்கம், லத்தியையும் ஜெயிலையும் பார்த்தவர், தோளில் கிடந்த துண்டு நழுவி விழ எழுந்து நின்றுவிட்டார். இளமதி ஓணானைப் பார்த்துத் தானும் தலையை ஆட்டிக்கொண்டிருந்தாள்.

இராஜாங்கம் பிள்ளையையே பார்த்தார். "தெருவுல போறப்ப கூப்புட்டா திரும்ப மாட்டா. ரோசக்காரக் குட்டின்னுல நெனச்சிருந்தேன்" என்றார். கீழே கிடந்த துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டார்.

"தம்பி, வீடு யாருதுன்னு உங்கள யாரு எழுதச் சொன்னா? அத கோர்ட்டு எழுதட்டும். இவ அப்பன் என்னா சம்பாதிக்கிறான்னு மட்டும் நீங்க எழுதுங்க. வழக்கு அது பாட்டுக்கு நடக்கட்டும், தை நிக்காது" என்றார் ஹபீபுன்னிசா.

மேஜையைத் துடைத்துவிட்டு வி.ஏ.ஓ. எழுதினார். வருமானத்தை எழுதி, வடகரைத் தெரு என்றும் எழுதி, 'வழக்கின் முடிவுக்குக் கட்டுப்பட்டது' என்று ஒரு வரி சேர்த்தார். இராஜாங்கம் அதை வாசிக்கச் சொல்லிக் கேட்டார். மறுபடியும் வாசிக்கச் சொன்னார். "இது எங்களுக்கும் பாதகமில்ல, உங்களுக்கும் பாதகமில்ல. இந்த ஒரு வரிக்காடா இத்தனை நாளு?" என்று யாரிடம் என்று இல்லாமல் கேட்டார். அந்த ஒரு வரியை வைத்துக்கொண்டே அந்த மாதத்துக்குள் தெருவில் இருந்த எல்லாக் குழந்தைகளுக்கும் அட்டை வாங்கினார் அவர். படம் பிடிக்கும் இடத்தில் வரிசையை ஒழுங்கு செய்ததும் அவர்தான். ஊர்வலத்தில் பழகிய கை.

தை பிறப்பதற்குள் ஆபரேசன் முடிந்தது. சில வாரம் கழித்துக் காதுக்குப் பின்னால் மிஷினை மாட்டிவிட்டார்கள். அதோடு முடிகிற காரியமில்லை. பேச்சுப் பயிற்சிக்கு வாராவாரம் தஞ்சாவூர் போக வேண்டும். பொன்னுத்தாய் ஒவ்வொரு தடவையும் கூலியை விட்டுவிட்டுப் போனால் அடுப்பு எரியாது. பிள்ளையைக் கூட்டிப்போக நடவுக்குப் போகும் பெண்கள் முறை வைத்துக்கொண்டார்கள். இந்த வாரம் ஒருத்தி, அடுத்த வாரம் ஒருத்தி. அதையும் ஹபீபுன்னிசாதான் பேசி முடித்தார். மாட்டேன் என்ற ஒருத்திக்கு ஒரு மூடி போட்ட குண்டான் போனது என்று தெருவில் சொல்கிறார்கள். அவர் அதை ஒத்துக்கொள்வதில்லை.

பாத்திரச் சத்தத்துக்கு இளமதி பயந்து அழுகிறாள் என்று பொன்னுத்தாய் ஒரு நாள் சொல்லிவிட்டாள். அன்றிலிருந்து வடகரைத் தெருவுக்குத் திரும்பும் மதகிலேயே ஹபீபுன்னிசா வண்டியை நிறுத்துகிறார். மூட்டையிலிருந்து பழைய சேலைகளை உருவிக் குண்டானுக்கும் குண்டானுக்கும் நடுவில் திணிக்கிறார். வியாபாரத்துக்குப் போகிற வண்டி திருட்டுக்குப் போகிற மாதிரி ஓசைப்படாமல் தெருவுக்குள் போகிறது. ஓடிவர வேண்டிய பிள்ளைகளுக்கு அவர் வந்ததே தெரிவதில்லை.

போன வாரமும் அப்படித்தான் போனார். பொன்னுத்தாய் ஒரு தாம்பாளத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். இளமதி கொஞ்ச தூரத்தில் முதுகைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். பழக்கத்தில் ஹபீபுன்னிசாவின் கை தட்டை எடுத்துவிட்டது. பாதி தூக்கியவர் பிள்ளையின் காதுக்குப் பின்னாலிருந்த மிஷினைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். குனிந்து, இரண்டு கையாலும் தட்டை மண்ணில் மெதுவாக வைத்துவிட்டுப் பேரத்துக்குத் திரும்பினார். "இந்தக் கனத்துக்கு இந்த ஊருல வேற எங்க கெடைக்கும் சொல்லு..."

பின்னால் தட்டு டணாரென்று விழுந்தது. ஹபீபுன்னிசா தூக்கிவாரிப்போட்டுத் திரும்பினார். பக்கத்தில் இளமதி நின்றுகொண்டிருந்தாள். சத்தத்தில் அவளுக்கும் தோள் குலுங்கியிருந்தது. ஆனாலும் அழவில்லை. பாயம்மா திரும்பிவிட்டார் என்பதைக் கண்ணை அகலத் திறந்து சரிபார்த்துக்கொண்டாள். பிறகு குனிந்து, தட்டை மறுபடியும் எடுத்தாள்.